கண்ணாடித் தொட்டியிலிருந்து தூத்துக்குடி முத்துப் பார் வரை: யார் இந்த ஜேம்ஸ் ஹார்னெல்? மீன் தொட்டியைப் பெரிசாக்க நினைப்பவர்களுக்கு அவர் கதை ஏன் தேவை?

வீட்டில் இரண்டடி நீளத்தில் ஒரு உப்புத் தண்ணி மீன் தொட்டி இருக்கிறது. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், நாலைந்து பாறைத் துண்டு. ஒரு வருஷம் எல்லாம் நன்றாகப் போனதும் அடுத்த ஆசை வரும்: நாலடித் தொட்டிக்கு மாறினால் என்ன?

தூத்துக்குடி மாதிரி ஊரில் இந்த ஆசை இன்னும் சுலபமாக வரும். கடல் தெருமுனையில் இருக்கு. தண்ணி இலவசம், மணல் இலவசம், பாறையும் மீனும் கூட இலவசம் என்று தோன்றும். ஆனால் தொட்டியை மாற்றிய முதல் மாதத்திலேயே மீன்கள் செத்து மிதப்பதும் இப்படித்தான் நடக்கிறது.

கடல் உயிர்களைச் சின்ன இடத்திலிருந்து பெரிய இடத்துக்கு மாற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வியோடு நூறு வருஷத்துக்கு முன்னால் இதே மன்னார் வளைகுடாவில் ஒருத்தர் வேலை பார்த்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஹார்னெல். வெளிநாட்டில் ஒரு சின்னத் தீவில் கடல் ஆய்வு நிலையம் நடத்தியவர், பிறகு முத்துக்குளித் துறையின் கடலடியையே படிக்க வந்தார். அவர் வாழ்க்கையை முழுசாகப் பார்க்கலாம்.

மீன் தொட்டி மோகம் தொடங்கிய காலம்

ஹார்னெல் பிறந்தது 1865-ல். அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் ஐரோப்பாவில் மீன் தொட்டி என்ற விஷயமே பிரபலமாகியிருந்தது. 1853-ல் லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்கள் பார்க்கும் மீன் காட்சியகம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் 'அக்வேரியம்' என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். அதோடு இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வைக்கும் மோகம் பிடித்துக்கொண்டது.

கடற்கரைக்குப் போய் பாறை இடுக்கில் இருக்கிற உயிர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வருவார்கள். தொட்டியில் போடுவார்கள். ஒரு வாரத்தில் தண்ணி நாறும். மறுபடி கடற்கரைக்குப் போவார்கள். பல கடற்கரைகளில் பாறைக் குட்டைகள் காலியாகிவிட்டன. அந்தப் புத்தகம் எழுதிய காஸின் மகனே இதைப் பின்னாளில் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

ஆசைப்பட்டு அள்ளுவது, பராமரிக்கத் தெரியாமல் சாகடிப்பது, மறுபடி அள்ளுவது. இது அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். இன்னும் முடியவில்லை.

ஜெர்சி தீவில் முதல் பாடம்

1890-களில் ஹார்னெல் ஜெர்சி என்ற தீவில் இருந்தார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள சின்னத் தீவு இது. அங்கே ஜோசப் சினெல் என்பவரோடு சேர்ந்து ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தினார். கடல் உயிர்களைப் பிடித்து, பதப்படுத்தி, நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகளாகத் தயார் செய்து கல்லூரிகளுக்கும் ஆர்வலர்களுக்கும் அனுப்புவது அவர்களின் முக்கியத் தொழில். கடல் உயிரியலையும் நுண்ணோக்கியையும் பற்றி எளிய மொழியில் ஒரு காலாண்டிதழையும் ஹார்னெல் நடத்தினார்.

ஜெர்சியில் கடல் உயிர்களைப் படிப்பது சுலபம். காரணம் அங்கே அலை ஏற்ற இறக்கம் மிகப் பெரிது, சில நாட்களில் சுமார் 12 மீட்டர் வரை போகும். தண்ணி வடிந்ததும் கடலடியே வெளியே தெரியும். வாளியை எடுத்துக்கொண்டு நடந்து போனால் போதும்.

இதை தூத்துக்குடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் அலை ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் கூட இருக்காது. முத்துச் சிப்பி இருக்கும் பார்கள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, 15 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கின்றன. அங்கே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றால், மூச்சை அடக்கிக் குதிக்கத் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர்கள் பரதவ, முஸ்லிம் குளியாட்கள். ஹார்னெலின் பின்னாளைய வேலை முழுக்க அவர்களின் மூச்சில்தான் நின்றது.

1902: முத்து ஏன் கிடைக்கவில்லை?

அப்போது இலங்கையை ஆண்ட பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் உள்ள முத்துப் பார்களில் 1891-க்குப் பிறகு பல ஆண்டுகள் சலாபமே நடக்கவில்லை. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. குளியாட்கள் எடுத்து வரும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு என்பது அங்கே நடைமுறை. சிப்பி இல்லை என்றால் கஜானாவுக்குப் பெரிய வருமானம் போச்சு என்று அர்த்தம்.

என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அழைத்தார்கள். அவர் தனக்கு உதவியாக அழைத்து வந்தவர்தான் ஹார்னெல். 1902 தொடக்கத்தில் இருவரும் இலங்கை வந்து சேர்ந்தார்கள். சில மாதங்களில் பேராசிரியர் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஹார்னெல் தங்கிவிட்டார். காலி நகரில் ஒரு ஆய்வகம் அமைத்து, உயிருள்ள சிப்பிகளைக் கொண்டுவந்து வைத்து, அவை எப்படி வளர்கின்றன, எதனால் சாகின்றன என்று பார்த்தார்.

இந்த ஆய்வின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. மன்னார் வளைகுடாவின் உயிர்களைப் பற்றி இன்றும் ஆய்வாளர்கள் புரட்டிப் பார்க்கும் நூல் அது.

சிப்பிகள் எப்படிச் சாகின்றன?

ஹெர்ட்மனும் ஹார்னெலும் கண்டது இதுதான். பெரிய பார் என்ற பாரில் கோடிக்கணக்கில் இளஞ்சிப்பிகள் வந்து ஒட்டும். பார்த்தால் இந்த முறை அறுவடை அமோகம் என்று தோன்றும். ஆனால் அவை பெரிசாகும் முன்பே மொத்தமாகக் காணாமல் போகும்.

யாரும் திருடவில்லை. அந்தப் பார் திறந்த கடலைப் பார்த்து இருப்பதால், தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் கொந்தளிக்கும்போது மணல் கிளம்பி சிப்பிகளை மூடிவிடுகிறது, அல்லது நீரோட்டம் அடித்துக்கொண்டு போகிறது. மிச்சத்தைத் திருக்கையும் கிளாத்தி மீனும் தின்றுவிடுகின்றன.

அவர்கள் சொன்ன வழி இரண்டு. ஒன்று, இளஞ்சிப்பிகளை ஆபத்தான பாரிலிருந்து எடுத்துப் பாதுகாப்பான பாருக்கு மாற்றுவது. இரண்டு, கடலடியில் கல்லும் ஓடும் போட்டு சிப்பி ஒட்டுவதற்கு இடம் உண்டாக்குவது. சுருக்கமாகச் சொன்னால், கடலையே ஒரு பெரிய தொட்டி மாதிரி நிர்வாகம் செய்வது.

1904-ல் இளஞ்சிப்பிகளைப் பெருமளவில் இடம் மாற்றும் வேலையும் நடந்தது. அதே காலத்தில், 1903 முதல் 1907 வரை, இலங்கையில் வரிசையாகச் சலாபங்கள் நடந்தன. 1905-ல் நடந்த சலாபம் வரலாற்றிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. மரிச்சுக்கட்டி கரையில் பல்லாயிரம் பேர் கூடி, ஒரு தற்காலிக நகரமே உருவானது. தூத்துக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்திலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளியாட்கள் வந்தார்கள்.

விஞ்ஞானம் வென்றுவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரம் அது.

பிறகு நடந்தது என்ன?

இந்த உற்சாகத்தில் லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கி, 1906-ல் இலங்கை முத்துப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. வருஷா வருஷம் அரசுக்குக் குத்தகைப் பணம் கட்ட வேண்டும். ஆய்வு அறிக்கை கையில் இருக்கிறது, நிபுணர்கள் இருக்கிறார்கள், பிறகு என்ன பயம்?

1907-ல் ஒரு சலாபம் நடந்தது. அதோடு சரி. பார்கள் வெறிச்சோடின. அடுத்த சலாபம் 1925-ல்தான். அதற்கு வெகு காலம் முன்பே கம்பெனி நொடித்துப் போனது.

ஏன் இப்படி ஆச்சு? அதிகமாக எடுத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். ஆனால் இந்தக் கடலில் சிப்பி வருவதும் மறைவதும் அந்தக் கம்பெனிக்கு முன்பே, நூற்றாண்டுகளாக நடக்கிற கதை. முத்துச் சிப்பியின் குஞ்சுகள் முதல் சில வாரங்கள் தண்ணியில் மிதந்து திரியும். அவை எந்தப் பாரில் போய் ஒட்டும் என்பதைக் காற்றும் நீரோட்டமும்தான் முடிவு செய்யும். ஒட்டினாலும் முத்து எடுக்கும் அளவுக்கு வளர நான்கைந்து வருடங்கள் வேண்டும். அந்த நான்கைந்து வருடத்தில் ஒரே ஒரு மோசமான பருவம் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

மாற்றி வைப்பது மனிதர் கையில் இருந்தது. மாற்றிய இடம் வாழவிடுமா என்பது அவர்கள் கையில் இல்லை.

தூத்துக்குடிக்கு வந்த ஹார்னெல்

இந்தப் பக்கம் மெட்ராஸ் மாகாணத்தில் 1907-ல் மீன்வளத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கியிருந்தார்கள். அதை உருவாக்கியவர் பிரடெரிக் நிக்கல்சன். ஹார்னெல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். தூத்துக்குடியின் முத்து, சங்குத் துறைகள் அவர் பொறுப்புக்கு வந்தன.

தூத்துக்குடிப் பக்கப் பார்களும் இலங்கைப் பார்களைப் போலத்தான். தொல்லாயிரம் பார் மாதிரி பெயர் பெற்ற பார்கள் இருந்தும், சலாபம் எப்போதாவதுதான் நடக்கும். இங்கே ஹார்னெலின் வேலை பெரும்பாலும் காத்திருப்பதுதான். படகில் போய், குளியாட்களை இறக்கி, எந்தப் பாரில் எவ்வளவு சிப்பி, என்ன வயது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு திரும்புவது. இலங்கைக் கம்பெனிக்கு நடந்ததை அறிந்தவர் என்பதால், இங்கே பெரிய வாக்குறுதிகளுக்கு இடமில்லை.

அந்தக் குறிப்புகள்தான் 1920-களின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாவின் முத்துக்குளிப்பு பற்றிய அவருடைய நூலாக வந்தது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒவ்வொருவர் காலத்திலும் எத்தனை வருடம் சலாபம் நடந்தது, எத்தனை வருடம் வெறுமையாகப் போனது என்ற கணக்கை அதில் தொகுத்தார். வெறுமையான வருடங்களே அதிகம் என்பது அந்தக் கணக்கில் தெளிவாகத் தெரியும்.

சங்கும் கொற்கையும்

முத்து ஏமாற்றினாலும் சங்கு ஏமாற்றவில்லை. தூத்துக்குடியிலிருந்து சங்கு வருஷா வருஷம் வங்காளத்துக்குப் போகும். அங்கே அதை அறுத்து, கல்யாணமான பெண்கள் அணியும் வளையல் செய்வார்கள். இந்தத் தொழிலைப் பற்றி 1914-ல் ஹார்னெல் எழுதிய நூல், சங்கை உயிரியலாக மட்டும் பார்க்காமல் கோயில், கல்யாணம், சாவு, வியாபாரம் என்று எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தது.

அந்த ஆய்வுக்காக அவர் கொற்கைக்கும் பழைய காயலுக்கும் போனார். சங்க காலத்தில் முத்துக்குப் பேர் போன பாண்டியர் துறைமுகம் கொற்கை. இப்போது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கே மண்ணில் அறுத்த சங்குத் துண்டுகள் அவருக்குக் கிடைத்தன. சங்கு அறுக்கும் தொழில் வங்காளத்துக்குப் போவதற்கு முன்பே பொருநைக் கரையில் இருந்திருக்கிறது என்று அவர் சொன்னதற்கு அந்தத் துண்டுகள்தான் ஆதாரம்.

பரதவர் வரலாறு, அவர்களின் ஜாதித் தலைவர் மரபு, படகுகள், வலைகள் என்று அவர் குறித்து வைத்தது ஏராளம். ஒரு அரசு அதிகாரியாக, வருமானத்துக்காகத்தான் அவரை அனுப்பினார்கள். அதை மறக்க வேண்டாம். ஆனால் குளியாட்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்த நூல்களை அவரால் எழுதியிருக்க முடியாது. நூலின் அட்டையில் அவர்கள் பெயர் கிடையாது.

மெட்ராஸின் பெரிய தொட்டி

1909 அக்டோபரில் மெட்ராஸ் மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் முறை. அந்த யோசனை எட்கர் தர்ஸ்டனுடையது. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்ட அதே தர்ஸ்டன்தான். மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த அவர், ஹார்னெலுக்கு முன்பே தூத்துக்குடி முத்துக்குளிப்பை நேரில் பார்த்து எழுதியவர். பாட்டிலில் ஊறும் செத்த மீனைக் காட்டிக்கொண்டிருந்தவர், உயிரோடு நீந்தும் மீனைக் காட்ட ஆசைப்பட்டார்.

ஹார்னெல் 1918-ல் மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறை இயக்குநர் ஆனார். அடுத்த வருடமே, 1919-ல், இந்தக் காட்சியகம் அவருடைய துறையின் கைக்கு வந்தது. ஜெர்சியில் சின்ன நிலையத்தில் தொடங்கியவரின் பொறுப்பில் இப்போது ஒரு நகரமே வந்து பார்க்கும் தொட்டிகள்.

அந்தக் காட்சியகம் எப்படி முடிந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், மெட்ராஸ் மீது குண்டு விழும் என்ற பயத்தில் மூடிவிட்டார்கள். பழைய பெருமை பிறகு திரும்பவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு

1924-ல் ஹார்னெல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்றால் வீட்டில் உட்காரவில்லை. அதே வருடம் செயின்ட் ஜார்ஜ் என்ற கப்பலில் பசிபிக் பெருங்கடல் ஆய்வுப் பயணத்துக்குக் கிளம்பிவிட்டார். அதன்பின் அவர் கவனம் படகுகள் பக்கம் திரும்பியது. ஏ.சி.ஹேடன் என்ற மானுடவியலாளரோடு சேர்ந்து பசிபிக் தீவுகளின் தோணிகள் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். 1946-ல் உலகின் நீர்ப் போக்குவரத்து எப்படித் தோன்றியது என்பது பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. கட்டுமரம், வள்ளம், தோணி எல்லாம் அதில் உண்டு. 1949-ல் காலமானார். மீன்பிடி அனுபவங்களைத் தொகுத்த அவருடைய கடைசி நூல் அடுத்த வருடம்தான் வெளியானது.

அவர் சறுக்கிய இடம்

ஹார்னெல் சொன்னது எல்லாம் நிலைக்கவில்லை. ஒரு முக்கியமான உதாரணம்: முத்து எப்படி உருவாகிறது? சிப்பிக்குள் புகும் ஒரு நாடாப்புழுவின் குஞ்சைச் சுற்றித்தான் நல்ல முத்து உருவாகிறது என்று ஹெர்ட்மனும் அவரும் உறுதியாக நம்பினார்கள். அந்தப் புழு வளர்ந்து முடிக்கும் இடம் சிப்பியைத் தின்னும் மீன் என்பதால், அந்த மீனும் முத்துக்குத் தேவைதான் என்ற அளவுக்குப் போனது அந்த வாதம்.

பிற்கால ஆய்வு அதை ஏற்கவில்லை. சிப்பியின் மேலங்கி போன்ற சதையில் உள்ள செல்கள் உள்ளே தள்ளப்பட்டு, ஒரு பை போல வளர்ந்து, அந்தப் பைதான் அடுக்கடுக்காக முத்தைச் சுரக்கிறது என்பது தெரிந்தது. ஜப்பான்காரர்கள் இந்த வழியில்தான் உருண்டை முத்தை வளர்த்தார்கள். தூத்துக்குடி பக்கத்தில் வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி தலைமையில் 1973-ல் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து கிடைத்ததும் இதே வழியில்தான்.

சரி, என் மீன் தொட்டிக்கு இதில் என்ன இருக்கிறது?

ஹார்னெல் வீட்டுத் தொட்டிக்கு ஆலோசனை சொல்ல வந்தவர் இல்லை. ஆனால் பெரிய பாரில் நடந்ததும் உங்கள் ஹாலில் நடப்பதும் ஒரே கணக்குதான். உயிரை இடம் மாற்றுவது ஒரு நாள் வேலை. அந்த இடத்தை வாழத் தகுந்ததாக ஆக்குவதற்குத்தான் நாள் ஆகும்.

பெரிய தொட்டி நல்லதா? நல்லதுதான். காரணம் உப்பளத்தைப் பார்த்தால் புரியும். தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் தண்ணி ஆவியாகும், உப்பு மட்டும் பாத்தியில் நிற்கும். உங்கள் தொட்டியிலும் அதேதான் நடக்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 54 லிட்டர் தண்ணி. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 5 லிட்டர் ஆவியாகி நீங்கள் கவனிக்காமல் விட்டால் உப்பு 38 கிராமைத் தாண்டிவிடும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகல உயரம் உள்ள தொட்டியில் சுமார் 243 லிட்டர். மேல்பரப்பு மூன்று மடங்கு என்பதால் அங்கே 15 லிட்டர் ஆவியாகும். ஆனாலும் உப்பு 37 கிராம் பக்கம்தான் நிற்கும். சூடும் அழுக்கும் அப்படித்தான், தண்ணி அதிகம் இருந்தால் மெதுவாக மாறும். மீனுக்கு மெதுவான மாற்றம்தான் தாங்கும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை:

எடை: 243 லிட்டர் கடல் தண்ணியே கிட்டத்தட்ட 250 கிலோ. கண்ணாடி, பாறை, மணல் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். மாடி வீட்டில் இருப்பவர்கள் சுவர் ஓரமாக வைப்பதற்கு முன்பே கட்டட விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

காத்திருப்பு: மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். பாறையிலும் மணலிலும் வளரும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா போதுமான அளவு வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பழைய தொட்டியே ஓடட்டும்.

பழைய பாறை: உங்கள் பழைய தொட்டியின் பாறையில்தான் அந்தப் பாக்டீரியா குடியிருக்கிறது. அதைக் குழாய்த் தண்ணியில் கழுவினால் மொத்தமும் செத்துவிடும். கடல் தண்ணியிலேயே நனைத்தபடி மாற்றுங்கள். பழைய மணலைக் கிளறி அப்படியே கொட்டாதீர்கள், அடியில் சேர்ந்த அழுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும்.

தண்ணி: ஆவியான தண்ணிக்குப் பதிலாக உப்பில்லாத சுத்தமான தண்ணிதான் ஊற்ற வேண்டும். உப்பு எங்கேயும் போகவில்லை, உள்ளேயேதான் இருக்கு. துறைமுகம் பக்கத்தில் அள்ளிய தண்ணியில் எண்ணெயும் கழிவும் கலந்திருக்கும். ஆர்.ஓ தண்ணியில் அக்வேரியம் உப்பைக் கரைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கரண்ட்: மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் ஆக்சிஜன் குறையும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

புது மீன்: இடம் பெரிசாச்சே என்று முதல் வாரமே பத்து மீன் வாங்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே இருந்த மீன்கள் நிலைக்கட்டும். பிறகு ஒன்று, சில வாரம் கழித்து இன்னொன்று.

கடலிலிருந்து எடுக்கலாமா?

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. உயிருள்ள பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அட்டவணை ஒன்றில் உள்ள உயிரைப் பிடித்தால் 3 முதல் 7 வருடம் வரை சிறை. வீட்டுத் தொட்டிக்குத்தான் எடுத்தேன் என்று சொன்னாலும் சட்டம் அதைக் கேட்காது.

சட்டத்தை விடுங்கள், கடல் ஏற்கெனவே ஒரு தடவை இதற்கு விலை கொடுத்திருக்கிறது. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் இந்தப் பகுதியில் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போனதும் இந்தத் தீவுகளில் இரண்டு தண்ணிக்கடியில் போய்விட்டன.

நல்ல விஷயம், கோமாளி மீனைக் கடலில் பிடிக்கத் தேவையில்லை. மண்டபத்தில் உள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அப்படி வளர்த்த மீன் தொட்டி வாழ்க்கைக்கும் தீவனத்துக்கும் பழகியிருக்கும், சீக்கிரம் சாகாது. வாங்கும்போது கடைக்காரரிடம் வளர்ப்பு மீனா, கடல் மீனா என்று கேளுங்கள். பாறைக்கும் அப்படித்தான், செயற்கையாகச் செய்த பாறைகள் கடையில் கிடைக்கின்றன. சில மாதங்களில் அவற்றிலும் பாக்டீரியா குடியேறிவிடும்.

தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-ல். அதற்கு முன்பு 1955-லிருந்து வருஷா வருஷம் நடந்தது, பிறகு நின்றது. அறுபது வருஷம் தாண்டியும் அந்தப் பார்களில் முத்துக்குளிக்கும் அளவுக்குச் சிப்பி திரும்பவில்லை. அவ்வளவு பெரிய தண்ணியே ஒரு முறை சமநிலை தவறினால் மீள இத்தனை நாள் எடுக்கிறது. உங்கள் நாலடித் தொட்டிக்கு ஆறு வாரம் கொடுப்பது பெரிய விஷயமில்லை.